ஆராய்ச்சி மணி

மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத தமிழாசிரியர் இலர். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு, அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்ததையும், மன்னன் தன் மைந்தனையே தேர்க்காலில் இடத் துணிந்ததையும் சொல்லி, நீதியின் மேன்மையை விளக்கிப் பாடத்தை முடிப்போம். அந்த மணியைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. மணி ஒன்றே, கயிறும் ஒன்றே. அது தொங்கிய இடத்தை ஊரார் யாவரும் அறிந்திருந்தனர். வாய் பேசாத பசுவுக்கும் அதன் கயிறு எட்டியது. ஒரு முறை அசைத்த மாத்திரத்தில் கேட்க வேண்டியவர் செவிக்கு ஓசை சென்று சேர்ந்தது. நீதி அதன் பின்னரே வந்தது.

இன்று நம் நாட்டில் மணிகள் பல உள்ளன. காவல் நிலையம், மருத்துவமனை, சமூக நல இலாகா, நீதிமன்றம், பள்ளி, கோயில், தொலைபேசி ஆலோசனைச் சேவை என ஒவ்வொன்றும் ஒரு மணியே. ஒவ்வொன்றும் நன்னோக்கத்தோடு கட்டப்பட்டதே. ஆயினும், வீட்டுக்குள்ளே அடிபட்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கும் ஒரு தாய்க்கு எந்தக் கயிற்றைப் பற்றுவது என்பது விளங்குவதில்லை. ஒரு மணியை அசைத்தால் அடுத்த மணிக்கு அது கேட்பதுமில்லை. இக்குறையைக் களைய எங்கள் சிகாமட் வட்டாரத்தில் சிலர் கூடி ஒரு சிறு முயற்சியை நடத்தி வருகிறோம். அதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. அப்பணி எனக்குக் கற்பித்தவற்றைச் சக ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சிகாமட், ஜொகூரின் வடபுறத்தில் இரயில் பாதையோரம் வளர்ந்த ஊர். பத்து அன்னாம், பூலோ காசாப், லாபிஸ், சாஆ, பெக்கோக் எனப் பரந்து கிடக்கும் இம்மாவட்டத்தில் நம்மவர் வாழ்வு முதலில் ரப்பரோடும் பின்னர்ச் செம்பனையோடும் பிணைந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் பலர் லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்தில் பலகைச் சுவருக்கு அப்பால் அழுகுரல் எழுந்தால் அடுத்த வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார். கங்காணி வந்து அதட்டுவார். அந்தத் தலையீடு நியாயமாகவே இருந்தது என்று நான் சொல்லவில்லை. சம்சு குடித்துவிட்டு அடித்தவனை அதட்டிய கையோடு, அடிபட்டவளையும் 'அனுசரித்துப் போ' என்று திருப்பி அனுப்பியதே மிகுதி. எனினும், யாரோ ஒருவர் செவியில் அக்குரல் விழுந்தது. தாமான் வீட்டின் இரும்புக் கதவு பூட்டப்பட்டபின் அதுவும் இல்லையாயிற்று. எஞ்சியிருப்பது பள்ளிக்கூடம். பிள்ளை நாள்தோறும் வருகிறது. அதன் முகம் வாடினால் ஆசிரியர் காண்கிறார். ஆதலால், ஆசிரியரை நாடியே அத்துயரம் பல வேளைகளில் முதன்முதலாக வந்து சேர்கிறது.

ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் புலப்படாதவாறு சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். நான்காம் ஆண்டில் பயின்ற அவருடைய மகன் சில வாரங்களாக வகுப்பில் தூங்கி விழுந்தான். காற்றில் கதவு ஓங்கிச் சாத்திக்கொண்டால் மேசைக்கடியில் பதுங்கினான். வகுப்பாசிரியை அவனிடம் பக்குவமாகப் பேசிப் பார்த்துவிட்டுத் தாயை வரவழைத்தார். தாய் வகுப்பாசிரியையிடம் நடந்ததைச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார். அதன்பின் புகார் செய்த இடத்தில் சொன்னார். அங்கிருந்து மருத்துவச் சோதனைக்குச் சென்று அங்கும் சொன்னார். அவ்வேளை பணியாளர் மாறியதால் அடுத்து வந்தவரிடம் மறுபடியும் சொன்னார். மறுநாள் வேறோர் அலுவலகத்தில், பலர் அமர்ந்திருந்த கூடத்தில், முகப்பில் நின்றபடி ஆறாம் முறையாகச் சொன்னார். எவரும் அவரிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. ஆனால், எல்லாரும் "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றே கேட்டனர். மூன்றாம் நாள் அவர் பள்ளிக்கு வந்து, "பெரிய வாத்தியார் ஐயா, இன்னும் எத்தனை பேருகிட்ட சொல்லணும்? எனக்குத் தெம்பு இல்லைங்க. நான் வீட்டுக்கே போயிடறேன்" என்றார். சொன்னவாறே போய்விட்டார். அடுத்த தவணையில் அக்குடும்பம் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் அவர்கள் நிலை என்னவாயிற்று என்பதை இன்றளவும் நாங்கள் அறியோம்.

அவரைத் திருப்பி அனுப்பியது எது என்று நாங்கள் சிலர் கூடி ஆராய்ந்தோம். சட்டம் இல்லாமையா? இல்லை. நம் நாட்டில் இதற்கென நீண்டதொரு போராட்டமே நடந்திருக்கிறது. 1982இல் பெண்கள் உதவி இயக்கம், கணவன்மாரின் கொடுமையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஓர் அடைக்கல இல்லத்தை நிறுவிற்று. 1985இல் மகளிர் அமைப்புகளும் தொழிற்சங்க மகளிர் பிரிவும் பயனீட்டாளர் சங்கமொன்றும் கைகோத்து, பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழுவை அமைத்தன. அவை தனித்தனியே முழங்கியிருந்தால் அரசாங்கத்தின் செவிக்கு எட்டியிருக்குமோ, ஐயமே. ஒன்றுபட்டு உழைத்ததன் பயனாக 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996இல் நடைமுறைக்கு வந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சமூக நல அதிகாரியே, போலீஸ் புகாருக்குக் காத்திராமல், ஏழு நாள்களுக்குச் செல்லத்தக்க அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்க வழி பிறந்தது.

நம் மருத்துவத் துறை செய்த ஏற்பாடு இன்னும் பெருமைக்குரியது. 1990களின் முற்பகுதியில் கோலாலம்பூர் மருத்துவமனையில் 'ஓரிட நெருக்கடி மையம்' என்னும் முறை தோன்றியது. அடிபட்டு வரும் பெண்ணை அவசரப் பிரிவின் கூட்டத்தில் காக்க வைக்காமல் தனியறைக்கு அழைத்துச் செல்வர். மருத்துவர் அங்கு வருவார். போலீஸ் அதிகாரியும், சமூக நல அதிகாரியும், ஆலோசகரும், மகளிர் இயக்கத் தொண்டரும் அங்கேயே வருவர். அவள் வாயில் வாயிலாக நடப்பதற்கு மாறாக, வாயில்கள் அவளைத் தேடி வரவேண்டும் என்பதே இதன் உட்பொருள். 1996இல் சுகாதார அமைச்சு இம்முறையைப் பிற அரசாங்க மருத்துவமனைகளிலும் அமைக்கப் பணித்தது. பிற நாட்டாரும் வந்து கற்றுச் சென்ற முறை இது.

ஆகவே, சட்டமும் உண்டு, மையமும் உண்டு. தலைநகரில் ஒரு கூரையின்கீழ் அமையும் இவை, சிற்றூர்களில் பல கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன. பெக்கோக்கிலோ சாஆவிலோ வாழும் ஒரு பெண், மோட்டார் சைக்கிளும் கணவன் கையில் இருக்கும்போது, எப்படிச் சிகாமட்டுக்கு வருவாள்? யார் உடன் வருவார்? வந்தபின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்? மறுநாள் அவர்களைப் பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வார்? இவ்வினாக்களுக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் விடை கிடையாது. அவ்விடையாக யாராவது இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எங்கள் கூட்டு பிறந்தது.

எங்களுக்குப் பெயர்ப்பலகை இல்லை; ஊதியம் பெறுவாரும் இல்லை. சில பள்ளிகளின் ஆசிரியர்கள், பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், கோயில் நிர்வாகத்தினர், தேவாலயச் சகோதரி ஒருவர், தன் வாடகை வண்டியை நள்ளிரவிலும் எடுத்து வரத் தயங்காத அன்பர் ஒருவர் எனச் சேர்ந்தோம். முதலில் ஆறு மாதம் நாங்கள் செய்ததெல்லாம் அறிமுகம் தேடுவதே. எந்த அலுவலகத்தில் எவர் பொறுப்பு, எந்நேரம் இருப்பார், என்ன தாள் கேட்பார், அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார் என்று கேட்டுக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். இன்றும் அக்குறிப்பேடே எங்கள் மூலதனம்.

பின்னர்ச் சில நெறிகளை வகுத்துக்கொண்டோம். முதலில் எவரிடம் ஒருவர் மனம் திறக்கிறாரோ அவரோ, அவர் சேர்த்துவிடும் ஒரு பெண்மணியோ, இறுதிவரை துணையாளராக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் இசைந்தால், அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே ஒரு முறை எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, படியை அவரிடமே தரவேண்டும். செல்லுமிடங்களில் துணையாளர் அத்தாளை முதலில் நீட்டுவார். போலீஸ் வாக்குமூலத்தை அவரே தம் வாயால் தந்தாக வேண்டும். அதற்கு எந்தத் தாளும் ஈடாகாது. ஆனால், மற்ற நான்கைந்து இடங்களில் அத்தாள் அவருக்கு மூச்சுவிட இடம் தந்திருக்கிறது. எங்கள் மாதக் கூட்டத்தில் எவர் பெயரையும் சொல்வதில்லை. படம் எடுப்பதில்லை; மேடையில் அரிசி மூட்டை வழங்குவதில்லை. துன்புறுவது பிள்ளையாயின் இரகசியம் காக்கும் பேச்சுக்கே இடமில்லை. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் மருத்துவருக்கும் குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் சமூக நல அதிகாரியிடம் தெரிவிக்கும் கடமையை விதித்திருக்கிறது. ஆசிரியரின் மனச்சான்று விதிக்கும் கடமை அதற்குக் குறைந்ததன்று.

கூட்டு என்றால் கருத்து வேற்றுமை இல்லாதிராது. கோயில் பெரியவர் ஒருவர் தொடக்கத்திலேயே முகம் சுளித்தார். "தலைமையாசிரியர் ஐயா, புருஷன் பெண்டாட்டி விவகாரத்தை ஏன் தெருவுக்குக் கொண்டு வர்றீங்க? ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைச்சு நாலு வார்த்தை சொன்னா சரியாப் போயிடும்" என்றார். நான் விடை கூறுமுன் தாதியம்மையார் அமைதியாகப் பேசினார்: "ஐயா, முப்பது வருஷம் அவசரப் பிரிவுல நின்னவ நான். சமாதானம் பேசி அனுப்பி வைச்ச பொண்ணுங்களை நானே மறுபடியும் தூக்கிப் படுக்க வைச்சிருக்கேன்." பெரியவர் அன்று ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்றார். இரண்டு மாதம் கழித்து வந்து, "மண்டபத்துக்குப் பின்னால ஓர் அறை இருக்கு. திங்கட்கிழமை கூட்டம் இருக்காது. கோயிலுக்கு வர்ற மாதிரி வந்து அங்க பேசிக்கட்டும்" என்றார். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிப் புறப்படும் பெண்ணை எந்தக் கணவனும் தடுப்பதில்லை. எங்களில் எவருக்கும் தோன்றாத அந்த யோசனை, முதலில் எதிர்த்தவரிடமிருந்தே வந்தது.

மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது தீங்கு என்பது எங்கள் அனுமானம் மட்டுமன்று. பேரிடருக்கு உள்ளானவரை உடனே அமர்த்தி, நடந்தவற்றையெல்லாம் விவரிக்கச் செய்தால் மனப்புண் ஆறிவிடும் என்று ஒருகாலத்தில் அறிஞர் நம்பினர். ஆராய்ச்சிகள் அதனை உறுதி செய்யவில்லை; சிலருக்கு அது துயரை வளர்க்கவும் கூடும் எனக் கண்டனர். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என மூன்று செயல்களையே கூறுகிறது. ஆபத்து உளதா என்று பார்; அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேள்; அவருக்கு வேண்டியவற்றோடு அவரை இணைத்துவிடு. 1992இல் ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிய புகழ்பெற்ற நூலிலும் இவ்வரிசையே காணப்படுகிறது. பாதுகாப்பு முதலில், நினைந்து துக்கித்தல் பிறகு, மனிதரோடு மீண்டும் கூடி வாழ்தல் அதற்கும் பிறகு. திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது நாம் அறிவு பெறுவதற்காகக் கேட்கும் கேள்வி. இது பிறர் பாரம் இறங்குவதற்காகக் கேட்கும் கேள்வி. ஆசிரியர்களாகிய நமக்கு இரண்டும் வேண்டும்.

தமிழ் வழங்கும் இன்னொரு நிலத்திலும் இப்பாடம் பெரும் துயரத்தினூடே கற்கப்பட்டது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர் பல்லாண்டு நீடித்தது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் முதலானோர், மருத்துவர் சிலரால் மட்டும் ஆற்ற இயலாத பணி இது எனக் கண்டு, ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தனர். அவர் அத்தகையோர்க்கெனத் தமிழில் எழுதிய கைந்நூலின் பெயர் 'மனவடு'. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது மட்டக்களப்புக்கு உதவி செய்யப் பற்பல நிறுவனங்கள் விரைந்தன. யார் எங்குச் செல்வது, எதைச் செய்வது, எதைச் செய்யலாகாது என்று வழிப்படுத்த ஒருவர் வேண்டுமல்லவா? அங்கு முன்னரே பணியாற்றிவந்த உள்ளூரார் கூடி 'மேங்குரோவ்' என்னும் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கினர். கண்டல் மரம் என்பது அப்பெயரின் பொருள். கரையோர மண்ணைத் தன் வேர்களால் பற்றிக் காப்பது கண்டல். அம்முயற்சியில் முன்னின்ற ஆனந்த கலப்பத்தி 2008இல் இரமோன் மகசாசே விருது பெற்றார். 2007இல் உலகளாவிய உதவி நிறுவனங்கள் கூடி வெளியிட்ட மனநல வழிகாட்டியும், செய்ய வேண்டிய பணிகளின் வரிசையில் ஒருங்கிணைப்பையே முதலில் வைத்தது.

வன்முறை ஓய்ந்த பின்னரும் மனம் ஓய்வதில்லை. அடி நின்று ஓராண்டான பின்னும் தூங்காத தாய், காரணமின்றி வயிற்றுவலி என்று சொல்லும் சிறுமி, திடீரென எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் சிறுவன் ஆகியோரை நாம் வகுப்பில் காண்கிறோம்; பலவேளை சோம்பல் என்றோ அடங்காமை என்றோ பெயரிடுகிறோம். சிகாமட்டில் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு மையம் 2011 முதல் வீடுவீடாகச் சென்று மக்கள் நலத்தை ஆராய்ந்து வருகிறது. ஆதலால், இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் எங்கள் மக்கள் கூசாமல் பேசும் செய்திகள். மனத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் மட்டும் குரல் தாழ்கிறது. ஜொகூர் பாருவின் பெர்மாய் மருத்துவமனை இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால், அங்குச் செல்ல அஞ்சுவோர் அஞ்சுவது தொலைவுக்கன்று, பெயருக்கே.

இந்த அச்சத்தின் விலை சிறிதன்று. தேசியச் சுகாதார ஆய்வின்படி 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு நோய் 2023இல் 4.6 விழுக்காடாயிற்று. 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவரிடை நடந்த ஆய்வில் நால்வருள் ஒருவர் மனச்சோர்வுக் குறிகளோடு காணப்பட்டனர். ஆறுதலான செய்தியும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. உயிர் வெறுத்துப் பிழைத்து எழுந்தவர் இனி மருத்துவரைக் காண அஞ்ச வேண்டியதில்லை. எங்கள் துணையாளர்கள் வீடு வீடாகச் சொல்லி வரும் முதற்செய்தி இதுவே.

ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் நான் செய்வது பெரிய செயல் அன்று. தொலைபேசியில் நினைவூட்டுகிறேன். ஒருவரின் வண்டியும் இன்னொருவரின் நேரமும் பொருந்துமாறு பார்க்கிறேன். கூட்டக் குறிப்பை எழுதுகிறேன். மாற்றலாகி வந்த புதிய அதிகாரியிடம் சென்று எங்களை மீண்டும் அறிமுகம் செய்கிறேன். துணையாளர் களைத்துவிட்டால் அவரை இரண்டு மாதம் விலகியிருக்கச் சொல்கிறேன். பிறர் துயரைத் தினமும் கேட்பவருக்கும் மனம் புண்படும். வெற்றியைக் கணக்கிட எங்களிடம் ஒரே அளவுகோல் உண்டு. ஒருவர் தம் கதையை எத்தனை முறை சொல்ல நேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறோம். ஆறாக இருந்தது சில வேளைகளில் மூன்றாகியிருக்கிறது. சில வேளைகளில் இரண்டு. அண்மையில் லாபிஸ் பகுதியிலிருந்து வந்த ஒருவர் துணையாளரிடம் ஒரு முறையும் போலீஸில் ஒரு முறையும் சொன்னதோடு சரி. அன்றிரவே அவருக்குத் தங்க இடம் கிடைத்தது. மறுவாரம் அவர் பிள்ளைகள் வேறொரு பள்ளியில் சேர்ந்தனர். அவர் துயரம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அவர் பாதிவழியில் திரும்பிப் போகவில்லை.

ஆசிரிய நண்பர்களே, பெரும்பாலான சிறு தமிழ்ப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை. அக்குறை தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வட்டாரத்தில் ஐவரைச் சேருங்கள். ஒரு குறிப்பேடு வாங்குங்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்னும் எண்ணையும், சுகாதார அமைச்சின் மனநலச் சேவையான 15555 என்னும் எண்ணையும் முதற்பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் ஊரில் துணைக்கு வரக்கூடியவர் பெயரை எழுதுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தோழியோ தோழனோ ஒருநாள் மெல்லிய குரலில் ஏதேனும் சொல்லக்கூடும். இடைமறித்துக் கேள்விகள் கேட்காதீர்கள், பிறரிடம் பரப்பாதீர்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியமும் செய்யாதீர்கள். "நீ தனியாகப் போக வேண்டாம், நானும் வருகிறேன்" என்று சொல்லி, நீங்கள் நம்பும் ஆசிரியர் ஒருவரிடம் கைபிடித்து அழைத்து வாருங்கள். அறைக்கு வெளியே காத்திருங்கள். மீதியைப் பெரியவர்களாகிய நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே நாங்கள் இருக்கிறோம்.